சயாம் ரயில் நினைவுகளை எழுதுவோர் கவனத்துக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜப்பானியர் மலாயாவை ஆண்ட காலத்தில் (1942-45), சயாமையும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவையும் இணைக்க அவர்கள் போட்ட சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டவர்களைப் பற்றி அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் எழுதி அனுப்பும் நினைவுக் கட்டுரைகளைத் தாங்கள் தொடர்ந்து வெளியிட்டு வருகிறீர்கள். அதற்கு முதலில் என் நன்றி. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை ஒரே அச்சில் இருக்கின்றன. தாத்தாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள், அடித்தார்கள், பட்டினி போட்டார்கள், காலரா வந்தது, எப்படியோ பிழைத்து வந்தார். எந்த ரப்பர்த் தோட்டம், எந்த மாதம், எந்த முகாம், கூடப் போனவர்கள் யார் யார், அங்கே என்ன வேலை என்பதெல்லாம் இல்லை. எழுதியவர்களை நான் குறை சொல்லவில்லை. எதைக் கேட்டு எழுத வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் எடுத்துச் சொன்னதில்லை. அதை இப்போதாவது சொல்லியாக வேண்டும். 1943இல் இருபது வயது இளைஞராகப் போனவர்களில் இன்று உயிரோடு இருப்பவர் அநேகமாக யாருமில்லை. அன்று லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் நின்று அப்பாவை லாரியில் ஏற்றியதைப் பார்த்த பத்து வயதுப் பிள்ளைகளே இன்று தொண்ணூறைத் தாண்டிவிட்டார்கள்.

விவரம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு அந்தப் பாதையின் கணக்கையே பார்க்கலாம். சயாமில் பான் போங் அருகே நோங் பிளாடுக்கில் தொடங்கிப் பர்மாவில் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர். 1942 நடுவில் தொடங்கிய வேலை, 1943 அக்டோபர் 17ஆம் தேதி கொன்கொய்த்தாவில் இரண்டு முனைகளும் சேர்ந்தபோது முடிந்தது. நேசநாட்டுப் போர்க்கைதிகள் 60,000க்கும் மேற்பட்டோர் அங்கே வேலை செய்தார்கள். 12,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தமிழர், மலாய்க்காரர், சீனர், ஜாவானியர், பர்மியர் என்று ஆசியத் தொழிலாளர்கள் ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர். அவர்களில் 90,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்பது மதிப்பீடு. மலாயாவிலிருந்து போனவர்கள் மட்டும் 70,000க்கு மேல் இருக்கும் என்கிறார்கள். அதில் பெரும்பகுதி தோட்டத் தமிழர்கள்.

கைதிகளின் சாவு பெயர் பெயராகத் தெரியும். தொழிலாளரின் சாவுக்கு மதிப்பீடுதான் இருக்கிறது. காஞ்சனபுரி போர்க்கல்லறையில் ஏறத்தாழ 7,000 பேர், சுங்காயில் 1,700க்கு மேல், தான்பியூசயாட்டில் 3,700க்கு மேல் என்று கைதிகள் வரிசை வரிசையாக அடக்கமாகியிருக்கிறார்கள். நம்மவர்கள் காட்டில் பொதுக்குழியில் போனார்கள். 1990இல் காஞ்சனபுரியில் ஒரு வயலைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கானவர்களின் எலும்புகள் ஒன்றாகக் கிடைத்தன. அவர்கள் யார் என்று சொல்ல ஒரு தாள்கூட இல்லை. 1944இல் ஜப்பானிய ரயில்வே படையினரே காஞ்சனபுரியில் தமார்கான் பாலத்தருகே கட்டிய நினைவுச்சின்னத்தில் தமிழில் கல்வெட்டு உண்டு. அதிலும் பெயர்கள் இல்லை.

கைதிகளுக்கு மட்டும் எப்படிப் பெயர்ப்பட்டியல் கிடைத்தது? பட்டாளத்துக்காரர்கள் என்பதால் ஒவ்வொரு முகாமிலும் அவர்களுக்கென்று அதிகாரிகள் இருந்தார்கள், மருத்துவர்கள் இருந்தார்கள், தினமும் ஆள் எண்ணினார்கள். இறந்தவரின் பெயர், எண், நோய், தேதி, புதைத்த இடம் எல்லாவற்றையும் கிடைத்த காகிதத்தில் குறித்து மூங்கில் குழாய்க்குள்ளும் போத்தலிலும் ஒளித்து வைத்தார்கள். ஆஸ்திரேலிய அறுவை மருத்துவர் வியரி டன்லப் போன்றவர்கள் அகப்பட்டால் உயிர் போகும் என்று தெரிந்தே நாட்குறிப்பு எழுதினார்கள். 1945இல் விடுதலையானதும் கைதிகள் ஆளுக்கொரு வினாத்தாள் நிரப்பிக் கொடுத்தார்கள். போர்க்குற்ற விசாரணைகளுக்கு அவையெல்லாம் உதவின.

தோட்டத்திலிருந்து போன கூட்டத்துக்கு இருந்த ஒரே பதிவேடு, ஆட்களை மேற்பார்த்த கங்காணியின் மனம்தான். கங்காணி காலராவில் போனால் அந்தக் கணக்கும் அவரோடு போயிற்று. முகாமை விட்டு ஓடியவர்கள், வேறு முகாமுக்கு மாற்றப்பட்டவர்கள், செத்தவர்கள் எல்லாரும் ஒன்றாகவே 'காணவில்லை' ஆனார்கள். ஆகையால் இன்று ஒரு பாட்டி தன் தகப்பனாரைப் பற்றிச் சொல்லும் நாலு வார்த்தைதான் அந்த மனிதருக்கு உள்ள ஒரே ஆவணம். அதைக் கண்ணீர்க் கதையாக மட்டும் எழுதி முடித்துவிட்டால் அந்த ஆவணமும் போய்விடும். விவரத்தோடு எழுதினால் ஒரு குடும்பத்தின் சொல்லை இன்னொரு குடும்பத்தின் சொல்லோடும், கைதிகளின் குறிப்புகளோடும் பொருத்திப் பார்க்க முடியும். 1943 ஜூனிலும் ஆகஸ்டிலும் சிங்கப்பூர் சாங்கி சிறைமுகாமிலிருந்து முந்நூற்றுக்கும் மேற்பட்ட மருத்துவப் பிரிவுக் கைதிகளை இரண்டு குழுக்களாகத் தொழிலாளர் முகாம்களுக்கே அனுப்பினார்கள். அவர்கள் பார்த்ததும் குறிப்பாக இருக்கிறது. பொருத்திப் பார்க்க நம் பக்கத்திலிருந்து எழுதிய தாள் வேண்டும், அவ்வளவுதான்.

பேட்டியைச் சயாமிலிருந்து தொடங்காதீர்கள். "ஜப்பான்காரன் அடிச்சானா?" என்று முதல் கேள்வி கேட்டால் "ஆமா, அடிச்சான்" என்று பதில் வரும், அதோடு பேச்சு முடியும். தோட்டத்திலிருந்து தொடங்குங்கள். எத்தனை மரத்தில் பால் வெட்டினார், பிரட்டுக்களம் (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம்) எங்கே இருந்தது, லயத்தில் எத்தனை குடும்பம், பக்கத்து வீட்டில் யார் என்று கேளுங்கள். பேச்சு தானாக ஓடத் தொடங்கும், பெயர்களும் வரும். தோட்டத்தின் பெயரை இரண்டு விதமாகவும் எழுதிக்கொள்ளுங்கள்: நம் ஜனங்கள் அழைத்த பெயர் ஒன்று, கம்பெனி வைத்த ஆங்கிலப் பெயர் ஒன்று. தமிழ்ப்பெயரை மட்டும் எழுதினால் பழைய ஆவணத்தில் தேட முடியாது. ஆங்கிலப் பெயரை மட்டும் எழுதினால் ஊர்க்காரர்களுக்கே புரியாது. தோட்டத்துக்குள் எந்தப் பிரிவு, பக்கத்து டவுன் எது, எத்தனையாவது கட்டை (மைல்கல்) என்பதும் வேண்டும். பல தோட்டங்கள் இன்று வீடமைப்புப் பகுதியாகிவிட்டன, கட்டைக் கணக்கு ஒன்றுதான் இடத்தைக் காட்டும்.

பிறகு, எப்படிப் போனார் என்பது. இதில் எல்லாரும் "பிடிச்சுக்கிட்டுப் போனாங்க" என்று ஒரே வார்த்தையில் சொல்வார்கள். நடந்தது பல விதம். 1943இன் முற்பகுதியில் மூன்று மாத ஒப்பந்தம், நாளுக்கு ஒரு வெள்ளி (மலாயா டாலர்), சாப்பாடு, வீடு எல்லாம் தருவதாகச் சொல்லி ஆள் எடுத்தார்கள். தோட்டத்தில் வேலை இல்லை, அரிசி இல்லை, மரவள்ளிக்கிழங்குதான் சாப்பாடு என்றிருந்த நேரம். நம்பிப் போனவர்களும் இருந்தார்கள். போனவர்கள் திரும்பவில்லை, போனவர்களைப் பற்றிக் கெட்ட செய்திதான் வந்தது. அதன் பிறகு யாரும் வரவில்லை என்றதும் ஒவ்வொரு தோட்டமும் இத்தனை ஆள் தர வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள். இலவசப் படம் காட்டுகிறோம் என்று கூட்டிக் கதவை அடைத்து ஏற்றியதும் உண்டு. ஆகவே கேட்க வேண்டியது: பெயர் கொடுத்துப் போனாரா, பெயர் எழுதப்பட்டுப் போனாரா, வழியில் பிடிபட்டாரா? பெயர் எழுதியவர் யார்? முன்பணம் உண்டா? வீட்டுக்குப் பணம் வந்ததா, எத்தனை மாதம் வந்தது? கையில் என்ன கொண்டுபோனார்? ஒரே நாளில் அந்த லயத்திலிருந்து எத்தனை பேர்? பெண்களும் பிள்ளைகளும் கூடப் போனார்களா? குடும்பமாகப் போனவர்களும் இருக்கிறார்கள். இந்தக் கேள்வியை யாருமே கேட்பதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

ரயில் பயணத்தையும் விவரமாகக் கேட்க வேண்டும். கைதிகள் சிங்கப்பூரிலிருந்து பான் போங் வரை இரும்புச் சரக்குப் பெட்டிகளில், பெட்டிக்கு முப்பது பேர் அளவில், நாலைந்து நாள் போனார்கள். நம்மவர்கள் எந்த ஸ்டேஷனில் ஏறினார்கள், பெட்டிக்கு எத்தனை பேர், கதவு திறந்திருந்ததா, எங்கெங்கே நிறுத்திச் சோறு கொடுத்தார்கள், பான் போங்கில் இறங்கி எத்தனை நாள் நடந்தார்கள் என்பது கிடைத்தால் எந்தத் தொகுதியோடு போனார் என்பதையே ஓரளவு கண்டுபிடிக்கலாம். நடந்த நாட்கள் ரொம்ப முக்கியம். பான் போங் அருகே பாதை தொடங்கும் இடத்திலிருந்து காஞ்சனபுரி ஏறத்தாழ 50 கிலோமீட்டர், வாம்போ 114, இன்று 'நாம் தோக்' எனப்படும் தார்சாவ் 130, கொன்கொய்த்தா 262, நீக்கே 280க்கு அருகில். மழையில் சேற்றில் நடப்பவர்கள் நாளுக்கு இருபது கிலோமீட்டர் நடப்பதே பெரிது. "ரெண்டு வாரம் நடந்தோம்" என்று ஒருவர் சொல்லியிருந்தால் அவர் காஞ்சனபுரிப் பாலத்தில் வேலை செய்திருக்க மாட்டார். மலைக்காட்டுக்குள், பர்மா எல்லைப் பக்கம் போயிருக்கிறார். பர்மாப் பக்கத்து முகாம்களைத் தான்பியூசயாட்டிலிருந்து எத்தனையாவது கிலோமீட்டர் என்ற எண்ணால் அழைத்தார்கள்: 55 கிலோ முகாம், 105 கிலோ முகாம். தாத்தா சொன்ன எண்ணை எடை என்றோ வீட்டு எண் என்றோ நினைத்து விட்டுவிடாதீர்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. 1957இல் வந்த 'தி பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்' என்ற ஆங்கிலப் படம் நம் வீட்டு நினைவுகளில் புகுந்து உட்கார்ந்துவிட்டது. அது இலங்கையில் கிதுல்கலையில் எடுத்த படம். அதில் மரப்பாலத்தை வெடி வைத்துத் தகர்ப்பார்கள். உண்மையில் தமார்கானில் முதலில் ஒரு மரப்பாலமும், பிறகு ஜாவாவிலிருந்து கொண்டுவந்த இரும்பு வளைவுகளை வைத்து ஒரு பாலமும் கட்டினார்கள். இரண்டும் 1943 முதல் பாதியில் வேலைக்கு வந்துவிட்டன. 1944 கடைசியிலிருந்து விமானங்கள் குண்டு போட்டு 1945இல் உடைத்தன. அந்தப் பாலம் நின்ற ஆற்றுக்கு அப்போது பெயர் மெக்லோங். படம் பார்த்துவிட்டு வந்தவர்கள் குவாய் ஆற்றைத் தேடியதால் 1960இல் அதன் மேற்பகுதிக்குக் குவாய் யாய் என்று பெயர் மாற்றினார்கள். பாதை நெடுகப் பக்கத்திலேயே ஓடியது குவாய் நோய் என்ற இன்னொரு ஆறு. "எங்க தாத்தா குவாய் ஆத்துப் பாலம் கட்டினார்" என்று எழுதுமுன் அவர் பாலம் என்று எதைச் சொன்னார் என்று கேளுங்கள். பாதையில் அறுநூற்றுக்கும் மேற்பட்ட பாலங்கள் இருந்தன. பெரும்பாலும் மரத்தால், மலைச்சரிவை ஒட்டி. அவர் கட்டியது அதில் ஒன்றாக இருக்கலாம். அதுவும் பெருமைக்குரிய சாட்சியம்தான். படத்திலுள்ள பாலமாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

வேலையைப் பற்றிக் கேட்கும்போது "கஷ்டமான வேலை" என்ற பதிலோடு நின்றுவிடாதீர்கள். கை என்ன செய்தது என்று கேளுங்கள். மண் அணை போட்டாரா? கூடையா, இரண்டு கழியில் கட்டிய சாக்கா? மண்ணை எங்கிருந்து வெட்டி எவ்வளவு தூரம் சுமந்தார்? ஆளுக்கு நாளுக்கு இவ்வளவு கனமீட்டர் என்று அளவு வைத்திருந்தார்கள். முதலில் ஏறத்தாழ ஒரு கனமீட்டர், அவசரம் கூடிய பிறகு அதைக் கூட்டிக்கொண்டே போனார்கள். அளந்தவர் யார், எதை வைத்து அளந்தார்? பாறை உடைத்தவர் என்றால் ஒருவர் உளியைப் பிடிக்க இன்னொருவர் சம்மட்டியால் அடித்துத் துளை போட்டு வெடிமருந்து வைத்திருப்பார்கள். யார் பிடித்தது, யார் அடித்தது, வெடித்ததும் கல்லை அள்ளியது யார்? மரம் அறுத்தாரா, தண்டவாளக் கட்டை சுமந்தாரா, இல்லை பாதை முடிந்த பிறகு ரயில் எஞ்சினுக்கு விறகு வெட்டினாரா? இந்தக் கடைசிக் கேள்வி தவறாமல் வேண்டும். 1943 அக்டோபரோடு எல்லாம் முடிந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். அதன் பிறகும் விறகுக்கும் பழுது பார்க்கவும் குண்டு விழுந்த பாலத்தைச் சரிக்கட்டவும் ஆயிரக்கணக்கானவர்களை வைத்திருந்தார்கள். மூன்று மாதம் என்று போனவர்களில் பிழைத்தவர்கள் பலர் திரும்பியது 1945, 1946இல்.

தேதியை நேராகக் கேட்டால் வராது. யாருக்கும் வராது. அடையாளத்தை வைத்துக் கேட்க வேண்டும். போகும்போது மழையா வெயிலா? அந்தக் காட்டில் மே மாதத்தில் மழை பிடித்துக்கொள்ளும். போய்ச் சேர்ந்ததும் காலரா என்றால் 1943 மே முதல் ஆகஸ்ட் வரை. "ஸ்பீடோ, ஸ்பீடோ" என்று விரட்டியது நினைவிருந்தால் 1943 தொடக்கத்துக்குப் பிறகு. வீட்டில் தீபாவளி கொண்டாடிவிட்டுப் போனாரா? 1942 தீபாவளி நவம்பர் முதல் வாரத்தில் வந்தது. 1943 தீபாவளி அக்டோபர் கடைசி வாரத்தில், பாதைத் திறப்பு விழா நடந்த அதே வாரத்தில் வந்தது. பழைய ஜாதக நோட்டில் ஆண்டுப்பெயர் இருந்தால் சித்ரபானு 1942 சித்திரையிலும் சுபானு 1943 சித்திரையிலும் தொடங்கின என்று வைத்துக்கொள்ளுங்கள். நேதாஜி மலாயாவுக்கு வந்ததற்கு முன்பா பின்பா என்றும் கேட்கலாம். அவர் சிங்கப்பூரில் இறங்கியது 1943 ஜூலை தொடக்கம். ஜப்பானியத் தாள் ஏதாவது அகப்பட்டால், அதில் ஜப்பானிய ஆண்டுக்கணக்கு இருக்கும்: 2603 என்பது 1943, 2602 என்பது 1942. ஷோவா 18 என்றிருந்தாலும் 1943தான். மணிக்கணக்கிலும் வேறுபாடு உண்டு. ஜப்பானியர் காலத்தில் கடிகாரத்தைத் தோக்கியோ நேரத்துக்கு மாற்றினார்கள், ஒன்றரை மணி நேரம் முன்னே. "ஏழு மணிக்கு இருட்டிலே கிளப்பினான்" என்று பாட்டி சொன்னால் அது தவறில்லை. அன்றைய ஏழு மணிக்கு விடிந்திருக்காது.

நோயைப் பற்றிய பகுதியில் நிதானம் வேண்டும். எல்லாச் சாவையும் காலரா என்று எழுதிவிடுகிறோம். காலையில் கழிச்சல் தொடங்கி மறுநாளுக்குள் போய்விட்டார் என்றால் காலரா. வாரக்கணக்கில் சீதமும் இரத்தமுமாகப் போய் எலும்பாகிச் செத்தால் அது வயிற்றுக்கடுப்பு. கால் வீங்கி, முகம் வீங்கி, மூச்சு முட்டிப் போனார் என்றால் பெரிபெரி; தீட்டிய அரிசியை மட்டும் தின்றதால் வருவது. மூங்கில் கீறிய சின்னக் காயம் சத்தில்லாத உடம்பில் சில நாளில் எலும்பு வரைக்கும் அரித்துத் தின்னும். கைதி முகாம்களில் கூர்மையாக்கிய கரண்டியால் அழுகலைச் சுரண்டி எடுத்தார்கள், பலருக்குக் காலையே எடுத்தார்கள். திரும்பி வந்த தாத்தாவின் கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் நடுவே தோல் மெலிந்து பளபளவென்று, ஓரம் கறுத்து, உள்வாங்கிய தழும்பு இருந்ததா? பிள்ளைகளைக் கேளுங்கள். குளிப்பாட்டிய மருமகளைக் கேளுங்கள். அந்தத் தழும்பு எந்தக் காகிதத்தைவிடவும் வலுவான சாட்சி. எந்தக் கால், எவ்வளவு நீளம் என்று எழுதி வையுங்கள்.

தொழிலாளர் முகாமில் காலரா ஏன் அப்படி வாரிக்கொண்டு போனது என்பதும் கட்டுரைகளில் வர வேண்டும். இல்லாவிட்டால் நம்மவர்கள் சுத்தம் தெரியாததால் செத்தார்கள் என்று சில வெள்ளைக்காரக் குறிப்புகள் எழுதிவைத்ததே கடைசி வார்த்தையாகிவிடும். கைதி முகாமில் தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் குடிக்க வேண்டும், சாப்பாட்டுத் தட்டைக் கொதிநீரில் முக்கி எடுக்க வேண்டும் என்று அதிகாரிகள் கட்டாயப்படுத்தினார்கள். மருத்துவர்கள் மூங்கிலும் ரப்பர்க் குழாயும் வைத்து உப்புநீர் ஏற்றினார்கள். பெரும்பாலான தொழிலாளர் முகாம்களில் மருத்துவர் இல்லை. நூற்றுக்கணக்கான பேருக்குத் தண்ணீர் கொதிக்கவைக்க அண்டா இல்லை, தகரம் இல்லை, அதற்கு நேரமும் தரவில்லை. விடிவதற்கு முன் வேலைக்குக் கிளப்பினார்கள், இருட்டிய பிறகு விட்டார்கள். மலக்குழி வெட்ட ஆள் ஒதுக்கவில்லை. வெட்டிய குழியும் மழையில் நிரம்பி வழிந்து குடிசைக்குள் வந்தது. மேலே உள்ள முகாமின் கழிவு கலந்த ஆற்றுத் தண்ணீரைத்தான் கீழே உள்ள முகாம் குடித்தது. ஆகவே கேளுங்கள்: தண்ணீர் எங்கிருந்து எடுத்தார்கள், எதில் காய்ச்சினார்கள், செத்தவர்களை யார் தூக்கினார்கள், எரித்தார்களா புதைத்தார்களா, பெயரை யாராவது எழுதினார்களா?

கேட்டதை எழுதும்போது மூன்று விஷயங்களைப் பிரித்துக் காட்டுவது நல்லது. அவரே கண்ணால் பார்த்தது, அங்கே இருந்தபோது பிறர் சொல்லக் கேட்டது, பின்னாளில் படித்தோ படம் பார்த்தோ தெரிந்துகொண்டது. இப்போது பேசுகிறவர்கள் பெரும்பாலும் பிள்ளைகள் என்பதால் "அப்பா சொன்னார்" என்பதோடு எப்போது சொன்னார், யாரிடம் சொன்னார், நேராகச் சொன்னாரா, குடித்துவிட்டுப் புலம்பியபோது சொன்னாரா, அம்மா மூலமாக வந்ததா என்பதையும் சேர்க்க வேண்டும். ஒரே குடும்பத்தில் அண்ணன் ஒன்று சொல்லித் தம்பி வேறொன்று சொன்னால் இரண்டையும் எழுதுங்கள். எது சரி என்று நீங்கள் தீர்ப்புச் சொல்லி ஒன்றை அழித்துவிடாதீர்கள். இரண்டு வெவ்வேறு பயணங்கள் ஒன்றாகக் கலந்திருக்கலாம்.

பேச்சு மொழியையும் தொடாதீர்கள். "சோத்துல புழு மெதக்கும், அத எடுத்துப் போட்டுட்டுத் திம்போம்" என்று சொன்னதை "உணவில் புழுக்கள் காணப்பட்டன" என்று மாற்றினால் சாப்பிட்டவர் காணாமல் போய்விடுகிறார்.

கைத்தொலைபேசி போதும், பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஆனால் விமானப் பயன்முறையில் போடுங்கள், இல்லாவிட்டால் நல்ல இடத்தில் அழைப்பு வந்து பதிவு அறுந்துபோகும். காற்றாடியை நிறுத்துங்கள், தொலைக்காட்சியையும் நிறுத்துங்கள். மடித்த துண்டின் மேல், பேசுகிறவரிடமிருந்து ஒரு முழ தூரத்தில் வையுங்கள். வெறும் மேசையில் வைத்தால் தட்டும் ஒவ்வொரு சத்தமும் ஏறும். தொடங்கும்போதே தேதி, இடம், பேசுகிறவர் பெயர், கேட்கிறவர் பெயர் எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். செயலியில் வேவ் வடிவம் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 300 மெகாபைட் ஆகும், அதனால் முதலிலேயே இடம் இருக்கிறதா பாருங்கள். குரல் பதிவை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு மூலத்தை அழித்துவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் இழப்பு. மூலக் கோப்பை வெட்டாமல் ஒட்டாமல் மூன்று இடத்தில் வையுங்கள், அதில் ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். வயதானவர்களை ஒரே மூச்சில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் பேசவைக்க வேண்டாம். மாலை மங்கிய பிறகு கேட்காதீர்கள், அன்று இரவு அவர்கள் தூங்க மாட்டார்கள். அழுதால் பதிவை நிறுத்துங்கள், "அழாதீங்க பாட்டி" என்று பேச்சை மாற்ற வேண்டாம். கேட்டு முடித்ததும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்து வேறு கதை பேசிவிட்டு வாருங்கள்.

ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க ஐந்தாறு மணி நேரமாவது பிடிக்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நேரத்தைக் குறித்துக்கொண்டே போனால் பிறகு சரிபார்க்க எளிது. புரியாத ஊர்ப்பெயரைக் காதில் விழுந்தபடியே எழுதுங்கள். வரைபடத்தைப் பார்த்துத் திருத்த வேண்டியது அடுத்த கட்டம். "கின்சாயோ" என்று பாட்டி சொன்னதைக் கின்சாயோக் (பாதையோர முகாம் ஒன்று) என்று திருத்தலாம், ஆனால் அவர் சொன்ன வடிவமும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

கங்காணி, கிராணி (தோட்டக் கணக்கர்) பெயர்கள் வரும் இடத்தில் நிதானம் தேவை. ஆள் கணக்கைக் கொடுத்தவர்கள் என்று அவர்கள்மேல் கோபம் இன்றும் குடும்பங்களில் இருக்கிறது, அந்தக் கோபத்துக்குக் காரணமும் உண்டு. ஆனால் கணக்குக் கொடுக்காத கிராணிக்கு என்ன நடந்திருக்கும் என்பதையும், கூட்டத்தோடு தாமும் போய்ச் செத்த கங்காணிகள் இருந்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. அவர்களின் பேரப்பிள்ளைகள் அதே ஊரில் வாழ்கிறார்கள். மூலப் பதிவில் பெயர் இருக்கட்டும். பத்திரிகையில் போடுவதற்கு முன் பேசியவரிடம் எதை வெளியிடலாம், எதைக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பெட்டியில் இருக்கும் தாள்களைப் பற்றி இரண்டு வார்த்தை. பழைய அடையாள அட்டை, நாகப்பட்டினக் கப்பல் சீட்டு, ஊரிலிருந்து வந்த கடிதம், ஜப்பான் காசு, புகைப்படம் எதையும் லேமினேட் செய்யாதீர்கள், செலோடேப் ஒட்டாதீர்கள். ஒட்டியதைப் பிறகு எடுக்கவே முடியாது. வெயில் நேராகப் படாத ஜன்னலோரத்தில் வைத்து முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் படமெடுங்கள். பின்பக்கத்தில் ஸ்டூடியோ முத்திரையோ பென்சில் எழுத்தோ இருக்கும். வசதி இருந்தால் 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். நம் நாட்டு ஈரத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தால் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். வெள்ளைக் காகித உறையே நல்லது. போருக்கு முன் போட்ட கடிதத்துக்கும் போருக்குப் பின் போட்ட கடிதத்துக்கும் இடையே தேதியில் ஓட்டை இருக்கும், அதுவும் ஒரு தகவல்தான். 1948இல் மலாயாவில் அவசரகாலத்தில் கொடுத்த அடையாள அட்டை இருந்தால் அந்த ஆள் அப்போது திரும்பி வந்திருந்தார் என்பதற்கு அதுவே சான்று. அதில் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறதோ அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். பலருடைய பெயர் அந்தத் தாளில்தான் முதல் தடவை எழுத்தில் ஏறியது. எழுதியவர் காதில் விழுந்த மாதிரி எழுதினார்.

தங்களிடம் கேட்க விரும்புவது இதுதான். இந்தக் கட்டுரைகளுக்குப் படம் போடும்போது திரைப்படக் காட்சிகளைத் தவிர்த்துவிட்டு, குடும்பம் அனுப்பிய படத்தையோ தோட்டத்தின் படத்தையோ போடுங்கள். இடம் போதாமல் சுருக்க வேண்டி வந்தால் உணர்ச்சி வரிகளைக் குறையுங்கள், பெயரையும் இடத்தையும் மாதத்தையும் வெட்டாதீர்கள். சுருக்காத முழு எழுத்தையும் தங்கள் அலுவலகத்தில் ஒரு கோப்பில் வைத்திருங்கள். எழுதியவரின் ஒப்புதலோடு அதை மலேசிய தேசிய ஆவணக் காப்பகத்துக்கும், காஞ்சனபுரியில் உள்ள தாய்லாந்து பர்மா ரயில்வே மையத்துக்கும் ஒவ்வொரு படி அனுப்பலாம். சிங்கப்பூர்த் தேசிய ஆவணக் காப்பகம் ஜப்பானியர் காலத்தைப் பற்றிய வாய்மொழிப் பதிவுகளை 1980களிலேயே சேர்க்கத் தொடங்கிவிட்டது. அங்கே உள்ளவற்றையும் ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

கட்டுரை எழுத வராதவர்களுக்கு வாரம் ஒரு சின்னப் பெட்டி ஒதுக்கித் தாருங்கள். போனவர் பெயர், தகப்பனார் பெயர், தோட்டமும் கட்டையும், போன மாதம் அல்லது பருவம், கூடப் போனவர்கள், கடைசியாகப் பார்த்தவர் யார், எங்கே பார்த்தார். ஏழெட்டு வரிதான். ஒரு பேரனின் தாத்தா கடைசியாக நீக்கேயில் யாரோடு இருந்தார் என்பது இன்னொரு வீட்டில் எழுதி அனுப்பும் ஏழு வரியில் இருக்கலாம். தமிழகத்தில் தங்கள் இணையப் பக்கத்தைப் படிப்பவர்களும் இதற்கு எழுத வேண்டும். சேலம், திருச்சி, தஞ்சாவூர், ஆற்காடு பக்கத்துக் கிராமங்களில் 1941க்குப் பிறகு மலாயாவிலிருந்து மணியார்டர் நின்றுபோன வீடுகள் இருக்கின்றன. அந்த வீடுகளில் சொல்லப்படும் பெயர்கள் எங்கள் பக்கத்துப் பட்டியலில் இல்லை. பெயரும், போன கப்பலும், கடைசிக் கடிதத்தின் முகவரியும் எழுதி அனுப்பினால் போதும். அந்த முகவரியில் தோட்டத்தின் பெயர் இருக்கும், அங்கிருந்து தேடத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
தோட்டப்புற வாய்மொழிப் பதிவுகளில் ஈடுபட்டிருக்கும் வாசகர்,
ஈப்போ